பள்ளி உளவியலர் ஆகப் படிக்க ஸ்காலர்ஷிப்: யார் கொடுப்பார்கள், எதைப் பார்த்துக் கொடுப்பார்கள்?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பள்ளி உளவியல் படிக்க என்னென்ன ஸ்காலர்ஷிப் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு ஶ்ரீராம்புரம், 26 வயது, கவுன்சலிங் சைக்காலஜியில் எம்எஸ்சி, 61 சதவீதம், ஒரு பள்ளியில் இரண்டு வருடமாக ஷேடோ டீச்சர், அதாவது கூடுதல் உதவி வேண்டிய ஒரு குழந்தையோடு வகுப்பில் கூடவே இருப்பவர், வீட்டில் தம்பியின் படிப்புக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கன்சல்டன்சி எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) எழுதித் தர 80,000 ரூபாய் கேட்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசி வரியில், "டிகிரி இரண்டாம் வருடத்தில் அப்பா இறந்துவிட்டார், அதைக் கட்டுரையில் எழுதினால் கொடுப்பார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் பட்டது. "என்னைப் போன்ற ஒருத்திக்குப் பணம் கொடுக்க ஒருவர் முன்வருவார் என்றால் எதைப் பார்த்து வருவார்" என்பதுதானே? பட்டியலைக் கூகுள் கொடுத்துவிடும். இதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதில் எதை எவ்வளவு நம்புவது என்று உங்களுக்குத் தெரியும். அல்சூரில் வளர்ந்தவள், வேலையும் இங்கேதான், பள்ளிகளுக்குள் 18 வருடம். நடுவில் அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளி உளவியலில் ஸ்பெஷலிஸ்ட் பட்டம் வாங்கித் திரும்பினேன். கடந்த ஏழு வருடங்களாக ஒரு சிறிய அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன், வருடத்துக்கு ஒரு முறை கட்டுக்கட்டாக விண்ணப்பம் படிக்கும் வேலை. அதனால் அமெரிக்க வழியையும், விண்ணப்பம் மேசைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் நேரடியாகச் சொல்ல முடியும். இங்கிலாந்தைப் பற்றிச் சொல்வது அங்கே போன என் மாணவிகள் இரண்டு பேர் பட்ட அனுபவத்தை வைத்து. பெரிய அறக்கட்டளைகளின் நேர்காணல் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. தேதியும் தொகையும் வருடாவருடம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. பள்ளி உளவியலர் என்பதை ஒரு படிப்பு என்று நினைத்துத் தேடுகிறீர்கள். நடைமுறையில் அது ஒரு ஊரில், அந்த ஊர் உரிமத்தோடு பார்க்கிற வேலை. அமெரிக்காவில் அந்த உரிமத்தை மாநிலம் கொடுக்கிறது. அதற்குச் சாதாரண மாஸ்டர்ஸ் பெரும்பாலும் போதாது, ஒரு படி மேலே ஸ்பெஷலிஸ்ட் நிலைப் படிப்பு வேண்டும். நாஸ்ப் என்கிற அவர்களுடைய தேசியச் சங்கத்தின் தரப்படி குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 600 மணி நேரமாவது பள்ளிக்குள். சாதாரணமாக இரண்டு வருடம் வகுப்பு, மூன்றாவது வருடம் முழுக்க ஒரு பள்ளி மாவட்டத்தில் இன்டர்ன்ஷிப், பல மாநிலங்களில் பிராக்ஸிஸ் தேர்வும் உண்டு. அங்கே இந்த வேலை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குப் பின்னால் 1975ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. ஊனமுற்ற குழந்தைக்கும் அரசுப் பள்ளி கல்வி கொடுத்தே ஆக வேண்டும் என்றது அது, கொடுப்பதற்கு முன் குழந்தையை மதிப்பிட வேண்டும் என்றது, மதிப்பிட ஆள் வேண்டியிருந்தது. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவதுதான் வேலை என்று நினைத்துப் போன எனக்கு, பாதி நாள் டெஸ்ட் வைப்பதும் மீதி நாள் ரிப்போர்ட் எழுதுவதுமாகப் போனது முதலில் பெரிய ஏமாற்றம். பிறகு அந்த ரிப்போர்ட்டிலேயே ருசி வந்துவிட்டது, அது வேறு கதை.

இங்கிலாந்தில் இதையே எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் என்பார்கள். அந்தப் பெயர் சட்டப்படி காக்கப்பட்டது, எச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு செய்தவர் மட்டும்தான் போட்டுக்கொள்ள முடியும். அதற்கான படிப்பு மூன்று வருட டாக்டரேட். அங்கே பல பல்கலைக்கழகங்களில் கல்வி உளவியல் என்ற தலைப்போடு ஒரு வருட மாஸ்டர்ஸ் இருக்கிறது, நல்ல படிப்புதான், ஆனால் அதை முடித்தவர் அங்கே எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் ஆவதில்லை. என் மாணவிகளில் ஒருத்தி இது தெரியாமல் போய், செப்டம்பரில் சேர்ந்து அக்டோபரில் எனக்கு போன் செய்து அழுதாள். கன்சல்டன்சிக்காரர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இங்கிலாந்து அரசு பணம் கொடுக்கும் டாக்டரேட் இடங்கள் அந்த நாட்டிலேயே தங்கி வேலை செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து அமைந்தவை, இங்கேயிருந்து நேராகப் போகிறவருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான்.

சரி, நம் ஊர்? இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்சிஐ, 1992ஆம் வருடச் சட்டத்தின் கீழ் 16 வகைப் பணியாளர்களைப் பதிவு செய்கிறது. அதில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், மறுவாழ்வு உளவியலர் இருக்கிறார், பள்ளி உளவியலர் என்று தனியாக ஒரு வகை இல்லை. இதன் விளைவு என்னவென்றால், அமெரிக்காவில் மூன்று வருடம் குழந்தைகளின் கற்றல் குறைபாட்டை மதிப்பிடவே பயிற்சி எடுத்துவிட்டு நீங்கள் திரும்பி வந்தாலும், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி தரும் சான்றிதழுக்கு உங்கள் கையெழுத்து செல்லாது. அதற்குக் குழந்தையை அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். எனக்கும் அதே நிலைதான், இன்றைக்கும் நான் எழுதும் ரிப்போர்ட் ஓசூர் ரோடில் உள்ள நிம்ஹான்ஸுக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ போய் அங்கே மறுபடி டெஸ்ட் வைத்த பிறகுதான் சான்றிதழாகிறது. ஆனால் தனியார் பள்ளியில் வேலை செய்ய ஆர்சிஐ எண் கேட்பதில்லை. சிபிஎஸ்இ இணைப்பு விதிகள் ஆலோசகர் ஒருவரை வைக்கச் சொல்வதால் வேலையும் இருக்கிறது, சம்பளம்தான் பள்ளிக்குப் பள்ளி யானைக்கும் பூனைக்குமாக இருக்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், படித்து முடித்து எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் எந்த ஸ்காலர்ஷிப் உங்களுக்குப் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்து அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு முழுச் செலவும் கொடுக்கிறார்கள், 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்கள் இரண்டு வருடம் அதற்குப் போதும், படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டில் உரிமம் வாங்கி அங்கேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு இது எதற்கும் உதவாது. பெங்களூருக்கே திரும்பி வந்து பள்ளியில் வேலை செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு, நான் மேலே திட்டிய அந்த ஒரு வருட மாஸ்டர்ஸே அவருக்குச் சரியாக இருக்கும். ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எனக்குப் பணம் வந்த வழியைச் சொல்கிறேன். அது ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வரவில்லை, அசிஸ்டன்ட்ஷிப் என்று வந்தது. துறைக்காக வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு டேட்டா உள்ளிடுவது, இளங்கலை மாணவர் தாள் திருத்துவது, டெஸ்ட் பெட்டிகளை எண்ணி அலமாரியில் வைப்பது. பதிலுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கையில் ஒரு மாதத் தொகை. இதற்குத் தனி விண்ணப்பம் பல இடங்களில் கிடையாது, அட்மிஷன் வந்த பிறகு துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும், ஒரு முறை கேட்டு விடாமல் இரண்டு முறை. நம் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டே பாதி இழக்கிறார்கள். இன்னொன்று, ஸ்பெஷலிஸ்ட் படிப்பைவிட பிஎச்டிக்கு இப்படிப் பணம் கிடைப்பது அதிகம். கையில் காசில்லாதவர் நீளமான படிப்புக்குப் போவதுதான் மலிவு என்பது கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அங்கே கணக்கு அப்படி. பிஎச்டிக்கு ஆராய்ச்சி அனுபவம் பார்ப்பார்கள், நீங்கள் எழுதியதில் அது இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளங்களில் "பள்ளி உளவியல் மாணவர்களுக்கு முழு நிதியுதவி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து உடனே சந்தோஷப்பட வேண்டாம். அவற்றில் பல, அமெரிக்கக் கல்வித் துறையின் சிறப்புக் கல்விப் பயிற்சி மானியத்தில் நடப்பவை. அதில் சேர அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும், பணம் வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வருடம் வேலை செய்து கொடுக்கவும் வேண்டும். கீழே சின்ன எழுத்தில் இருக்கும், நம்மவர்கள் அதைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணத்தை டாலரில் கட்டிவிடுவார்கள். போதாக்குறைக்கு 2025 ஏப்ரலில் பள்ளி மனநலத்துக்கான சுமார் 100 கோடி டாலர் மானியத்தை அந்த அரசு நிறுத்துவதாக அறிவித்தது, மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதே வருடம் செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. அங்கே ஆளுக்குப் பஞ்சம் என்பது உண்மைதான், 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்று நாஸ்ப் சொல்கிறது, நாட்டின் சராசரியோ ஒருவருக்கு ஆயிரத்துக்கு மேல். ஆள் பஞ்சம் இருக்கிறது என்பதற்காக ஒரு பள்ளி மாவட்டம் நமக்கு விசா எடுத்துக் கொடுக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். நான் படித்த காலத்தின் கணக்கை வைத்து இன்றைக்கு உங்களை அங்கே போகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப் மூன்று வருட முழுநேர வேலை அனுபவம் கேட்கும், அவர்கள் எடுக்கும் பாடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, பொதுச் சுகாதாரம், இதழியல், நகரத் திட்டமிடல் என்று போகும் அதில் பள்ளி உளவியலை நான் பார்த்ததில்லை. இன்லாக்ஸ் அறக்கட்டளையின் ஸ்காலர்ஷிப்புக்கு 30 வயதுக்குள் இருக்க வேண்டும், பெரிய பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கியிருக்க வேண்டும், எடுக்க மாட்டோம் என்ற பாடங்களின் பட்டியலும் உண்டு, அதை முதலில் படியுங்கள். 1892ல் தொடங்கிய ஜே.என். டாடா அறநிதி கொடுப்பது கடன் ஸ்காலர்ஷிப், கே.சி. மகிந்திரா கொடுப்பது வட்டியில்லாக் கடன். ஸ்காலர்ஷிப் என்ற பெயரைப் பார்த்து அம்மாவிடம் "பணம் வந்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள், திருப்பிக் கட்ட வேண்டும். ஏற்கனவே ஒரு கடன் ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்னது கிடையாது.

நீங்கள் எந்தச் சமூகம் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்தியச் சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் இருக்கிறது, வருடத்துக்கு மொத்தம் 125 இடம், அதில் 115 பட்டியல் சாதிக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம். நீங்கள் சொன்ன 61 எம்எஸ்சி மதிப்பெண், மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தால் தகுதித் தேர்வு என்பது இளங்கலை, அந்த எண்ணைப் பாருங்கள். மாஸ்டர்ஸ், பிஎச்டி என்றுதான் அவர்கள் எழுதியிருப்பார்கள், அமெரிக்க ஸ்பெஷலிஸ்ட் பட்டம் அதில் எங்கே உட்காரும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்குத் தனி அமைச்சகத்தில் தனித் திட்டம், 20 இடம்.

மாநில அரசுத் திட்டங்களில்தான் தலைவலி. தாத்தா வேலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ மில் வேலைக்கு வந்திருப்பார், பேத்தி மல்லேஸ்வரத்தில் பிறந்திருப்பாள், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒரு மாநிலத்திலிருந்து இடம்பெயர்ந்த பட்டியல் சாதியினர் போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. கர்நாடகத்தின் பிரபுத்தா என்ற வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் திட்டத்துக்குப் போனால் சான்றிதழ் தமிழ்நாட்டினுடையது என்பார்கள், தமிழ்நாட்டுத் திட்டத்துக்குப் போனால் நீ இங்கே படிக்கவே இல்லையே என்பார்கள். மத்தியத் திட்டத்துக்குப் பூர்வீக மாநிலத்து அடிப்படையில் வாங்கிய சான்றிதழ் போதும், அதனால் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அதை முதலில் பார்க்கச் சொல்வேன். வருமானச் சான்றிதழ் நாடகச்சேரியில், அதாவது கர்நாடக வருவாய்த் துறையின் வட்டார அலுவலகத்தில், வாங்க வேண்டும், தமிழில் எழுதினால் ஏதோ நாடகம் பார்க்கப் போவது போல இருக்கிறது, அலைச்சலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.

இனி அப்பாவைப் பற்றி. உங்கள் இழப்பைப் பற்றி இப்படி வரவு செலவு போலப் பேசுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் குழுவில் நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம், காலையிலிருந்து படித்துக்கொண்டே இருப்போம். அதில் இறந்துபோன அப்பாக்கள், குடித்த அப்பாக்கள், நகை அடகு வைத்த அம்மாக்கள் நிறைய. எல்லாம் உண்மை, எல்லாவற்றிலும் மனம் கனக்கும். ஆனால் யாருக்கு மனம் அதிகம் கனத்தது என்று பார்த்துப் பணம் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை, அப்படிக் கொடுத்தால் அழ வைக்கத் தெரிந்தவருக்குத்தான் போகும். முதல் வருடம் நான் அப்படி ஒருவருக்காக வாதாடினேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், "இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று மூன்று பக்கம் தெரிகிறது, இந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு வரி காட்டுங்கள்" என்றார். நான் தேடினேன், இல்லை.

அதனால் என் பதில் இது: அப்பா இறந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அது எதையாவது விளக்கும் இடத்தில் மட்டும். இரண்டாம் வருடத்தில் மதிப்பெண் இறங்கியிருந்தால் அதன் பக்கத்தில் எழுதலாம். பணக் கஷ்டத்தைக் கேட்க விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கும், வருமானம், கடன், வீட்டில் எத்தனை பேர் என்று எண்களில் கேட்பார்கள், அங்கே ஒன்றையும் மறைக்காமல் நிரப்புங்கள். எஸ்ஓபி வேறு வேலைக்கு. மற்ற குழுக்கள் இதை வேறு மாதிரிப் பார்க்கலாம், என் குழுவைத்தான் எனக்குத் தெரியும், ஆனால் பரிந்துரை எழுதியும் நேர்காணலுக்குத் தயார்செய்தும் நான் கவனித்தவரை ரொம்ப வித்தியாசமாக எங்கும் இல்லை.

அப்படியானால் எஸ்ஓபியில் எதை எழுதுவது? உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் பார்த்துக்கொள்ளும் பையன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான், மாடிப்படியில் மட்டும் என்னிடம் தமிழில் பேசுவான்." அந்த மாடிப்படிக்காக நான் உங்களுக்குப் பணம் கொடுப்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆங்கிலம் தவிர எதுவும் பேசக்கூடாது என்ற பள்ளியில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் பையனை எந்த மொழியில் மதிப்பிடுவது என்பது இந்தத் துறையில் இன்னும் தீராத கேள்வி. நாம் இன்றும் பயன்படுத்தும் பினே-காமத் அறிவுத்திறன் டெஸ்ட் 1930களில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளை வைத்து உருவானது. மாலின் அளவுகோல் என்று எல்லோரும் சொல்லும் மிசிக்கும் அதே வகை டெஸ்ட்தான், 1969ல் வந்தது. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய டாலி (DALI) என்ற டெஸ்ட் தொகுப்பு 2015ல் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு மொழியில் வந்தது, தமிழ் அந்த முதல் நான்கில் இல்லை. உங்கள் பையன் வாய் திறக்காததற்குக் குறைபாடு காரணமா, மொழி காரணமா, பயம் காரணமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அதைக் கற்கத்தான் போகிறேன் என்று நீங்கள் எழுதினால், "சின்ன வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்கும் கட்டுக்கு நடுவில் உங்கள் தாள் தனியாகத் தெரியும்.

எழுதும்போது அந்தப் படிக்கட்டில் என்ன பேசினான், எத்தனை வாரம் கழித்துப் பேசினான், அதை யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள், நீங்கள் எதில் தவறினீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தவறியதையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி கேட்டு வருகிறவர் தனக்கு எது தெரியாது என்று சரியாகச் சொன்னால்தான் அந்தப் படிப்பு அவருக்கு எதற்கு என்பது எங்களுக்குப் புரியும். பையன் பெயர், பள்ளிப் பெயர் இரண்டும் வேண்டாம், அடையாளம் தெரியும் விவரத்தை மாற்றுங்கள். குழந்தையின் ரகசியத்தை ஸ்காலர்ஷிப்புக்காகக் கடை விரிக்கிறவரை நானே ஒரு முறை கழித்துவிட்டிருக்கிறேன், அது நல்ல விண்ணப்பம், இருந்தும். அப்புறம் அவர்களுடைய படிப்பில் மொழியும் மதிப்பீடும் பற்றி எந்தப் பாடம் இருக்கிறது, யார் அதில் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து ஒரு பத்தி, திரும்பி வந்து முதல் வருடம் என்ன செய்வீர்கள் என்று ஒரு பத்தி. "இந்தியாவின் மனநலத் துறையையே மாற்றுவேன்" என்ற மாதிரி வேண்டாம். இரண்டு பள்ளி, எத்தனை குழந்தை, எந்த மொழி என்று சொன்னால் போதும்.

பரிந்துரைக் கடிதம் நம் ஊரில் ஒரு சோகம். பிரின்சிபாலிடம் கேட்டால் "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார், நாமும் எழுதுவோம், கடின உழைப்பாளி, நேர்மையானவள், நேரத்துக்கு வருபவள். வாட்ச்மேன் வேலைக்குக்கூட இதைத்தான் எழுதுவார்கள். கடிதத்தை எழுதிக் கொண்டு போகாதீர்கள், ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொண்டு போங்கள்: இந்த மாதம் இந்தக் குழந்தையோடு இதைச் செய்தேன், நீங்கள் அப்போது இப்படிச் சொன்னீர்கள், என்று நான்கைந்து நிகழ்ச்சி. அவர் தன் வார்த்தையில் எழுத அது உதவும். பிரின்சிபாலைவிட உங்கள் கூடவே உட்கார்ந்து வேலை பார்த்த ஸ்பெஷல் எஜுகேட்டர் எழுதினால் எனக்குப் பிடிக்கும், பதவி சின்னதாக இருந்தாலும். ஒன்று பேராசிரியர், ஒன்று அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

61 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 60 என்று எல்லை போட்ட இடங்களில் எண்தான் பேசும், அங்கே வாதாட முடியாது. எல்லை போடாத இடங்களில் 61ஐயும் 74ஐயும் நாங்கள் பெரிதாக வேறுபடுத்துவதில்லை, ஆனால் இரண்டும் நல்ல எஸ்ஓபியோடு வந்தால் 74 முந்தும், அதை மறைக்க மாட்டேன். நேர்காணலில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த வருடம் மாற்றிக்கொள்கிறேன்: குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாக உங்கள் டெஸ்ட் சொல்கிறது, அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், கத்துகிறார், என்ன செய்வீர்கள்? எல்லோரும் "புரிய வைப்பேன்" என்பார்கள். ஒரு பெண் மட்டும், "அவர் எந்த வகுப்போடு பள்ளியை விட்டார் என்று கேட்பேன்" என்றாள். அவளுக்குக் கொடுத்தோம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், இந்த வருடமே வெளிநாடு என்று கிளம்ப மாட்டேன். மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தில் என்சிஇஆர்டியின் வழிகாட்டலும் ஆலோசனையும் டிப்ளமா இருக்கிறது, ஒரு வருடம், முதல் ஆறு மாதம் தொலைவழி, மூன்று மாதம் நேரில், மூன்று மாதம் இன்டர்ன்ஷிப். வெளிநாட்டுக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை. ஷேடோ டீச்சர் என்ற பெயரிலிருந்து கவுன்சிலர் என்ற பெயருக்கு நீங்கள் நகர அது போதும், வேலையில் இருந்தபடியே பெரும்பகுதியை முடிக்கலாம், மூன்றாவது வருட அனுபவமும் சேர்ந்துவிடும். அதற்குள் தம்பி கடனும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அடுத்த ஆகஸ்டில் செவனிங். இது என் யோசனை மட்டும்தான். 26 வயதில் எனக்கு யாராவது ஒரு வருடம் பொறு என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

கன்சல்டன்சிக்கு 80,000 கொடுக்காதீர்கள். அவர்கள் எழுதும் எஸ்ஓபியை எங்களால் இரண்டாவது வரியில் கண்டுபிடிக்க முடிகிறது, ஒரே வருடம் மூன்று பேர் ஒரே தொடக்கத்தோடு அனுப்பி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம். அந்த மாடிப்படியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி, தமிழிலேயே எழுதி இங்கே கீழே போடுங்கள், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நேரம் கிடைக்கும், படித்துவிட்டு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.